தடையை நீக்கும் முன் தடையின் காரணத்தைப் படியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போக்கிமான் வீடியோ கேம் போட்டிகளில் தடையில் இருக்கும் வலுவான கதாபாத்திரங்களைத் திரும்ப அனுமதிக்கலாமா என்று உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் நடக்கும் விவாதத்தைத் தொடர்ந்து படித்துவருகிறேன். அனுமதிக்கலாம் என்பவர்களும் கூடாது என்பவர்களும் ஒரே ஒரு விஷயத்தை வைத்துத்தான் வாதாடுகிறார்கள்: அது எவ்வளவு பலசாலி? எனக்கு அந்தக் கேள்வியே பிசகாகப் படுகிறது. ஆகவே இந்தக் கடிதம் கொஞ்சம் நீளமாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

ஸ்லேக்கிங் என்ற போக்கிமானின் ஆறு அடிப்படை மதிப்புகளையும் (ஹெச்பி எனும் உயிர்ப்புள்ளி, அட்டாக் எனும் தாக்கும் திறன், வேகம் போன்றவை) கூட்டினால் 670 வருகிறது. மியூட்டூவுக்கு இப்போது 680. பத்துதான் வித்தியாசம். ஆனால் ஸ்லேக்கிங் ஒரு சுற்றில் அடித்தால் மறு சுற்றில் சும்மா கிடக்கும். ட்ரூவன்ட் என்ற அதன் எபிலிட்டி, அதாவது கூடப் பிறந்த தனித்தன்மை, அப்படி. அதைத் தடை செய்யுங்கள் என்று யாரும் கொடி பிடிப்பதில்லை. இன்னொரு பக்கம் வோபஃபெட். கூட்டுத்தொகை வெறும் 405. அட்டாக் 33, வேகம் 33. நேராக அடிக்கும் தாக்குதல் ஒன்றுகூடக் கிடையாது. அதைத்தான் 3-ஆம் தலைமுறை ஆட்டத்தில் (ஒவ்வொரு புதிய ஆட்டத் தொகுதியும் ஒரு தலைமுறை) ரசிகர் அமைப்பான ஸ்மோகனின் விதிகள் மியூட்டூவோடு சேர்த்து, பொது ஆட்டத்தில் தடையானவை போகும் ஊபர்ஸ் அடுக்கில் வைத்தன. காரணம் ஷேடோ டேக் என்ற எபிலிட்டி. அது களத்தில் நிற்கும்வரை எதிராளி போக்கிமானை மாற்ற முடியாது. எதிராளி தாக்காத ஏதாவது ஒரு நகர்வை எடுத்திருந்தால் என்கோர் போட்டு அதிலேயே பூட்டிவிடும். தாக்கினாலோ கவுன்டர் அல்லது மிரர் கோட்டில் இரண்டு மடங்காகத் திருப்பிவிடும். பூட்டியபின் வோபஃபெட் வெளியேறி, ஆட்டத்தை முடிக்கும் போக்கிமானை உள்ளே விடும்; அது எந்தத் தொந்தரவும் இல்லாமல் பலத்தை ஏற்றிக்கொள்ளும். இத்தனைக்கும் நடுவில் எதிராளி எடுக்கக்கூடிய முடிவு எது? ஒன்றுமில்லை. தடைக்கான காரணம் அதுதான். 405 என்ற எண்ணில் அதைத் தேடினால் கிடைக்காது.

எனவே தடைநீக்கம் பற்றிப் பேசுகிறவர் முதலில் செய்ய வேண்டிய வேலை, அந்தக் கதாபாத்திரம் ஏன் தடை செய்யப்பட்டது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுவது. ஒரு வாக்கியத்துக்குள் எழுத முடியவில்லை என்றால் காரணம் இன்னும் பிடிபடவில்லை என்று பொருள். எழுதி முடித்த பிறகு அந்த வாக்கியம் இன்றைய ஆட்டத்திலும் உண்மையா என்று பார்க்க வேண்டும். உண்மை என்றால் நீக்கம் வேண்டாம். உண்மை இல்லை என்றால், எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் உள்ளே விடுங்கள் என்பதே என் கருத்து.

கார்ச்சோம்பின் கதையில் இது தெளிவாகத் தெரியும். 4-ஆம் தலைமுறையில் அது ஊபர்ஸுக்குப் போனது. 5-ஆம் தலைமுறையிலும் ஒருமுறை தடை பெற்றது. மேலோட்டமாகப் பார்த்தால் பலம்தான் காரணம் என்று தோன்றும். அட்டாக் 130, வேகம் 102. அந்த 102-ல் உள்ள கடைசி 2-க்கு இருக்கிற மதிப்பு ஆடுகிறவர்களுக்குத் தெரியும். 100-ஆம் நிலையில், முழுப் பயிற்சிப் புள்ளியும் வேகத்துக்குச் சாதகமான இயல்பும் கொடுத்தால், அடிப்படை வேகம் 100 உள்ள கூட்டம் முழுவதும் 328-ல் நிற்கும். கார்ச்சோம்ப் மட்டும் 333-ல் நிற்கும். ஐந்தே புள்ளி. ஆனால் யார் முதலில் அடிப்பது என்பதை அந்த ஐந்து புள்ளி தீர்மானித்துவிடும்.

இவ்வளவும் பலம்தான், சமாளிக்கலாம். சமாளிக்க முடியாததாக ஆனது சாண்ட் வெய்ல் என்ற எபிலிட்டி. மணற்புயல் வீசும்போது, வழக்கமாக 100 விழுக்காடு குறி படும் தாக்குதல்கூட அதன்மேல் 80 விழுக்காடுதான் படும். 5-ஆம் தலைமுறையில் எபிலிட்டியாலேயே புயலைக் கிளப்பும் டைரானிடாரோ ஹிப்போடனோ ஒருமுறை களத்துக்கு வந்தால் போதும், வேறொரு வானிலை வந்து மாற்றும்வரை புயல் ஓயாது. கார்ச்சோம்ப் கிரவுண்ட் வகை என்பதால் புயலில் அதற்கு ஒரு சேதமும் இல்லை.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஹெச்பியில் பயிற்சிப் புள்ளி எதுவும் போடாத கார்ச்சோம்புக்கு ஹெச்பி 357. ஒரு சப்ஸ்டிட்யூட், அதாவது அடியைத் தான் வாங்கிக்கொள்ளும் பொம்மை, வைக்க ஆகும் செலவு 89. லெஃப்ட்ஓவர்ஸ் என்ற பொருள் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் 22 திருப்பிக் கொடுக்கும். முதல் பொம்மைக்குப் பிறகு 268, சுற்று முடிவில் 290. இரண்டாவதற்குப் பிறகு 201, பிறகு 223. மூன்றாவது முடிந்ததும் 134, பிறகு 156. நான்காவது முடிந்ததும் 67, பிறகு 89. ஐந்தாவது வைக்க 89-க்கு மேல் வேண்டும், சரியாக 89 போதாது. ஆக, அடிபடாமல் உள்ளே வந்தால் நான்கு பொம்மை. எதிராளி ஒவ்வொரு சுற்றும் பொம்மையை உடைத்தாக வேண்டும். ஒவ்வொரு முறையும் தவறும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று. நான்கு முறையும் தவறாமல் அடிக்கும் வாய்ப்பு 0.8-ஐ நான்கு முறை பெருக்கினால் வருவது, அதாவது ஏறத்தாழ 41 விழுக்காடு. மீதி 59 விழுக்காட்டில் எங்கோ ஒரு சுற்றில் குறி தப்பும், பொம்மை நிற்கும். அதன் பின்னால் நின்று கார்ச்சோம்ப் ஸ்வார்ட்ஸ் டான்ஸ் ஆடும், 359 ஆக இருந்த அட்டாக் 718 ஆகும். அதோடு ஆட்டம் கை மாறிவிடும்.

எதிராளி எங்கே தவறு செய்தார்? எங்கேயும் இல்லை. சரியான போக்கிமானைக் கொண்டுவந்தார், சரியான தாக்குதலைத் தேர்ந்தெடுத்தார், பகடை அவரைக் கைவிட்டது. பத்தில் ஆறு முறை இப்படி நடக்கும் ஆட்டத்தில் திறமைக்கு என்ன வேலை?

பிற்பாடு ரஃப் ஸ்கின் என்ற இன்னொரு எபிலிட்டியோடு கார்ச்சோம்ப் கிடைக்கத் தொடங்கியது. தொட்டு அடிப்பவரின் ஹெச்பியில் எட்டில் ஒரு பங்கைக் குறைக்கும் எபிலிட்டி அது. நல்லதுதான், ஆனால் பகடை இல்லை. சாண்ட் வெய்லைத் தடை செய்துவிட்டு, கார்ச்சோம்பை உள்ளே விட்டார்கள். அதே 130, அதே 102, அதே 333. ஆட்டம் கெடவில்லை. அடுத்த தலைமுறையிலும் அது ஓயூ எனப்படும் பொது அடுக்கிலேயே ஆடியது. பலத்தைப் பார்த்துத் தடை செய்திருந்தால் இந்தத் திரும்புதல் நடந்தே இருக்காது. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம், இன்றும் பலர் தடைப் பட்டியலில் பெயரை மட்டும் பார்க்கிறார்கள், அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் ஒற்றைக் காரணத்தைப் பார்ப்பதில்லை.

அதற்காக, கதாபாத்திரத்தை விட்டுவிட்டு எபிலிட்டியை மட்டும் தடை செய்யும் வழி எல்லா நோய்க்கும் மருந்தல்ல. அந்த எபிலிட்டி அல்லது நகர்வு யார் கையில் இருந்தாலும் ஆட்டத்தைக் கெடுக்குமா என்று கேட்க வேண்டும். சாண்ட் வெய்ல் கிளைஸ்கர் மேல் இருந்தாலும் பகடைதான். லாஸ்ட் ரெஸ்பெக்ட்ஸ் என்ற தாக்குதலும் அப்படியே: தொடக்க வலிமை 50, நம் அணியில் விழுந்த ஒவ்வொருவருக்கும் இன்னொரு 50, ஐவரும் விழுந்தபின் கடைசி ஆள் 300 வலிமையில் அடிக்கும். 9-ஆம் தலைமுறையில் முதலில் அதற்காக ஹவுண்ட்ஸ்டோனைத் தடை செய்தார்கள். பிறகு அதே தாக்குதலோடு பாஸ்குலீஜியனும் வந்தபோது, நோய் தாக்குதலில்தான் இருக்கிறது என்பது வெளிச்சமானது. தாக்குதலைத் தடை செய்தார்கள், ஹவுண்ட்ஸ்டோன் தடையிலிருந்து வெளியே வந்தது. நேர்மையான தடைநீக்கம்.

இதற்கு நேர்மாறு பிளாசிகென். 5-ஆம் தலைமுறையில் ஒவ்வொரு சுற்றும் வேகத்தை ஏற்றும் ஸ்பீட் பூஸ்ட் அதைத் தாங்க முடியாததாக ஆக்கியது. ஆனால் அதே ஸ்பீட் பூஸ்ட் யான்மெகாவிடமும் ஷார்பீடோவிடமும் இருக்கிறது. அவற்றால் பொது அடுக்கு குலையவில்லை. அப்போது எபிலிட்டியைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த எபிலிட்டியும் அந்த உடலும் சேர்ந்த சேர்க்கைதான் சிக்கல், ஆகவே உடலையே வெளியே நிறுத்த வேண்டும். 'பிளாசிகெனுக்கு மட்டும் இந்த எபிலிட்டி கூடாது, இன்னொன்றுக்கு இந்தப் பொருள் கூடாது' என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒட்டுப்போட ஆரம்பித்தால் விதிப்புத்தகம் தாங்காது. புதிதாக ஆட வருபவர் அதைப் படிப்பதற்குள் ஓடிவிடுவார்.

காரணம் தீரும் இன்னொரு வழி, சுற்றுச்சூழல் மாறுவது. எக்ஸ்காட்ரிலை எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்படை வேகம் 88, சாதாரணம்தான். மணற்புயலில் சாண்ட் ரஷ் அதை இரட்டிப்பாக்கும். 302 என்பது 604 ஆகும். வேகத்தை ஒன்றரை மடங்காக்கும் சாய்ஸ் ஸ்கார்ஃப் கட்டிய கார்ச்சோம்பே 499-ல் நின்றுவிடும். புயல் ஓயாத 5-ஆம் தலைமுறையில் இது தடைக்குப் போனதில் வியப்பில்லை. 6-ஆம் தலைமுறையில் எபிலிட்டியால் கிளம்பும் வானிலை 5 சுற்றுக்கு மட்டும் என்று மாறியது. ஸ்மூத் ராக் என்ற பொருளை வைத்திருந்தால் 8. டைரானிடார் வரும் சுற்று ஒன்று, எக்ஸ்காட்ரிலுக்கு மாறும் சுற்று ஒன்று, மிச்சம் மூன்று. ஸ்வார்ட்ஸ் டான்ஸுக்கு ஒன்றைச் செலவழித்தால் அடிக்க இரண்டே சுற்று. இப்போது எதிராளிக்கு வேலை வந்துவிட்டது: ஒரு சுற்று தாக்குப்பிடிக்கலாம், அடியைத் தடுக்கும் ப்ரொடெக்ட் போடலாம், பறக்கும் வகையை உள்ளே விட்டு அதன்மேல் படாத எர்த்குவேக் தாக்குதலை வீணாக்கலாம். எக்ஸ்காட்ரிலின் எண்கள் அப்படியே இருந்தும் அது பொது அடுக்கில் ஆடத் தகுந்ததாக ஆனது.

ஏஜிஸ்லாஷ் விஷயத்தில் எண்களையே தயாரிப்பாளர்கள் மாற்றினார்கள். 6-ஆம் தலைமுறையில் கேடய வடிவில் இரு பாதுகாப்பும் 150, வாள் வடிவில் இரு தாக்கும் திறனும் 150. கிங்ஸ் ஷீல்ட் என்ற அதன் தடுப்பு நகர்வைத் தொட்டு அடித்தவரின் அட்டாக் இரண்டு படி இறங்கும், அதாவது பாதியாகும். அடிப்பதா, காத்திருப்பதா என்ற ஊகம் ஒவ்வொரு சுற்றும் நடக்கும். ஒருமுறை தவறாக ஊகித்தால் அந்தப் போக்கிமான் பாதி செத்த மாதிரி. 2014-ல் அதைப் பொது அடுக்கிலிருந்து விலக்கினார்கள். 8-ஆம் தலைமுறையில் 150 எல்லாம் 140 ஆயின. கிங்ஸ் ஷீல்டின் தண்டனை ஒரு படியாகக் குறைந்தது, அட்டாக் மூன்றில் இரண்டு பங்காக நின்றது. ஊகம் தவறினாலும் ஆட்டம் தொடரும் என்றானது. அந்தத் தலைமுறையில் அது தடையின்றியே ஆடியது.

இங்கே ஓர் எச்சரிக்கை. மாற்றங்களைப் பட்டியல் போடும்போது குறைந்தவற்றை மட்டும் எழுதும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கூடியவற்றையும் எழுத வேண்டும். ஸமஸென்டாவின் சாதாரண வடிவம் 8-ஆம் தலைமுறையில் ஊபர்ஸில் இருந்தது. 9-ஆம் தலைமுறையில் அதன் அட்டாக் 130-லிருந்து 120 ஆனது. களத்துக்கு வரும்போதெல்லாம் பாதுகாப்பை ஏற்றிய எபிலிட்டி, ஆட்டத்துக்கு ஒருமுறை மட்டும் என்று சுருங்கியது. இது ஒரு பக்கம். மறுபக்கத்தில் முன்பு இல்லாத பாடி பிரஸ் அதற்குக் கிடைத்தது. பாதுகாப்பு எண்ணை வைத்தே அடிக்கும் தாக்குதல் அது. அயர்ன் டிஃபென்ஸ் போட்டு உடலைக் கெட்டியாக்கினால் அடியும் சேர்ந்து ஏறும். கூட்டுத்தொகை 660 உள்ள அது பொது அடுக்கில் அனுமதி பெற்றது. அனுமதி சரிதான் என்று நினைக்கிறேன், ஆனால் 'அட்டாக் குறைந்துவிட்டது, ஆகவே விடலாம்' என்ற ஒற்றை வரியில் அந்த முடிவை எடுத்திருந்தால் அது தவறான காரணத்தால் கிடைத்த சரியான முடிவாக இருந்திருக்கும்.

காரணம் தீராதவையும் இருக்கின்றன. ஷேமினின் வான வடிவத்துக்கு வேகம் 127. செரீன் கிரேஸ் துணைவிளைவுகளின் வாய்ப்பை இரட்டிப்பாக்கும். ஏர் ஸ்லாஷின் 30 விழுக்காட்டுத் தடுமாற்றம் 60 ஆகிறது. தாக்குதல் படும் வாய்ப்பு 95 விழுக்காடு என்பதால், மெதுவான எதிராளி அந்தச் சுற்றை இழக்கும் வாய்ப்பு 57 விழுக்காடு. கார்ச்சோம்பிடம் பார்த்த அதே பகடை. ஆனால் இங்கே அதற்கு மாற்று எபிலிட்டி இல்லை. வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை விடலாம் என்ற வழி அடைபட்டிருக்கிறது. முதல் தலைமுறை மியூட்டூ இன்னும் தெளிவு. ஸ்பெஷல் என்ற ஒரே எண்தான் அங்கே தாக்குவதற்கும் தாங்குவதற்கும். மியூட்டூவுக்கு அது 406 வரை போகும். அதை இரட்டிப்பாக்கும் அம்னீசியா என்ற நகர்வை ஒருமுறை போட்டால் 812. 1996-ல் வெளிவந்த ஆட்டத்தில் இனிமேல் ஒன்றும் மாறப்போவதில்லை. வோபஃபெட்டிலோ பாதிக் காரணம் தீர்ந்தது: 3-ஆம் தலைமுறையில் லெஃப்ட்ஓவர்ஸ் வைத்த இரண்டு வோபஃபெட் எதிரெதிரே நின்றால் ஆட்டம் முடியவே முடியாத நிலை இருந்தது, அடுத்த தலைமுறையில் ஷேடோ டேக் உள்ள இருவர் ஒருவரையொருவர் பூட்ட முடியாது என்று சரிசெய்தார்கள். முடிவில்லாத ஆட்டம் போயிற்று, பூட்டு போகவில்லை. பாதி தீர்ந்ததை முழுதும் தீர்ந்ததாகக் கணக்கெழுதக் கூடாது.

இனி சோதனை. காரணம் தீர்ந்துவிட்டது என்று காகிதத்தில் நம்பினாலும், ஆடிப் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். பெரும்பாலான தடைநீக்கச் சோதனைகள் தடுமாறுவது இங்கேதான்.

களத்தில் இறக்குவதற்கு முன்பு சேதக் கணக்குகளை முடித்துவிடுங்கள். ஒவ்வொரு அடிக்கும் 85 முதல் 100 விழுக்காடு வரை 16 நிலைகள் உண்டு. கீழ்நிலையையும் மேல்நிலையையும் இரண்டையும் எழுதுங்கள். இந்தப் போக்கிமானைத் தாங்கும் என்று நீங்கள் நம்பும் ஒவ்வொன்றையும் உள்ளே வருபவரைக் குத்தும் ஸ்டெல்த் ராக் கல் கிடக்கும் களத்தில் உள்ளே விட்டுப் பாருங்கள். ஓர் எடுத்துக்காட்டு. ஓர் அடி குறைந்தது 44 விழுக்காடு என்றால் இரண்டு அடிக்கு 88. தாங்கும் போக்கிமான் பிழைக்கிறது என்று எழுதிவிடுவோம். ஸ்டெல்த் ராக்கின் 12.5 சேர்ந்தால் 100.5, செத்துவிட்டது. லெஃப்ட்ஓவர்ஸ் நடுவில் 6.25 கொடுத்தால் 94.25, திரும்பவும் உயிர். ஆனால் அது கீழ்நிலைக் கணக்கு, 16-ல் பல நிலைகளில் பிழைக்காது. ஹெவி டியூட்டி பூட்ஸ் போட்டால் கல் படாது, ஆனால் லெஃப்ட்ஓவர்ஸ் இல்லை. ஒருமுறை தாங்கும், இரண்டாம் முறை தாங்காது என்று வருவதைத் 'தாங்குவது' என்ற பட்டியலில் சேர்க்காதீர்கள். ஒரு போக்கிமானை எத்தனை முறை வேண்டுமானாலும் தடுப்பது வேறு, ஒருமுறை மட்டும் விரட்டுவது வேறு. இரண்டையும் கலந்து எழுதிய பட்டியலைப் பார்த்துவிட்டு 'எட்டு மருந்து இருக்கிறது' என்று சொல்லும் பிழை அடிக்கடி நடக்கிறது.

சோதனை தொடங்கியபின் வெற்றி விழுக்காட்டை அப்படியே நம்பாதீர்கள். புதிதாக விடுதலை பெற்றதை எல்லோரும் எடுப்பார்கள். பத்தில் ஆறு அணிகளில் அது இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை வைத்திருக்கும் ஒருவருக்கு எதிரிலும் அது இருக்கும் வாய்ப்பு 60 விழுக்காடு; அந்த ஆட்டங்களில் அதன் வெற்றி விழுக்காடு எப்போதும் 50 தான், ஒரு பக்கம் வென்றால் மறுபக்கம் தோற்கும். எதிரில் இல்லாத மீதி 40 விழுக்காட்டு ஆட்டங்களில் அது 60 விழுக்காடு வெல்கிறது என்றால், மொத்தத்தில் கணக்கு காட்டுவது 54. 'வெறும் 54 தானே, ஒன்றுமில்லை' என்று விட்டுவிடுவோம். உண்மையில் பார்க்க வேண்டிய எண் 60. ஆகவே இரு அணியிலும் அது இருக்கும் ஆட்டங்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். எடுத்தபின் எத்தனை ஆட்டம் மிஞ்சுகிறது என்பதும் முக்கியம்: 100 ஆட்டத்தில் வரும் விழுக்காடு பத்துப் புள்ளி வரை இப்படி அப்படி ஆடும், 400 ஆட்டத்தில் ஐந்து, 1000-க்கு மேல் போனால்தான் மூன்று. நூறு ஆட்டம் பார்த்துவிட்டு 54-க்கும் 50-க்கும் வித்தியாசம் பேசுவது வீண்.

இதைவிட நுட்பமான பொறி ஒன்று உண்டு. விடுதலையான போக்கிமானின் வெற்றி விழுக்காடு 50-க்குக் கீழே போனால் அது பாதுகாப்பானது என்று எடுத்துக்கொள்கிறோம். எல்லோரும் அதற்கென்றே ஆறில் இரண்டு இடத்தை ஒதுக்கி வைத்திருப்பதால்கூட அது தோற்கலாம். அப்படியென்றால் அது வெல்லாமலேயே எல்லார் அணியையும் எழுதிக்கொண்டிருக்கிறது. அதனால் அதன் எண்ணை மட்டும் பார்க்காமல், அதைத் தடுக்கவென்று எடுக்கப்படும் போக்கிமான்களின் பயன்பாடு சோதனைக்கு முன் எவ்வளவு, சோதனையில் எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெற்றி விழுக்காட்டைவிட நான் இந்த எண்ணைத்தான் அதிகம் மதிப்பேன். வெறும் பயன்பாடு அதிகம் என்பது மட்டும் தடைக்குக் காரணமாகாது. லேண்டோரஸின் தெரியன் வடிவம் தலைமுறைகள் தாண்டி பொது அடுக்கில் மிக அதிகம் பயன்பட்டவற்றில் ஒன்றாக இருந்தும் ஆட்டத்தை ஒட்டவைக்கும் பசையாகத்தான் கருதப்பட்டது.

நாட்கள் விஷயத்தில் என் பரிந்துரை நான்கு வாரம். முதல் வாரத்தின் எண்களைத் தூக்கி எறியுங்கள், அந்த வாரம் எல்லோரும் பரிசோதித்துப் பார்ப்பதிலேயே போகும். ஒரே நேரத்தில் இரண்டு கதாபாத்திரங்களை விடாதீர்கள். ஒன்று மற்றொன்றுக்கு மருந்தாக அமைந்து இரண்டும் நல்லபிள்ளையாகத் தெரியும், அல்லது சேர்ந்து கெடுத்து இரண்டுமே குற்றவாளியாகத் தெரியும். பரிசுப் போட்டி நடந்துகொண்டிருக்கும் நடுவில் சோதனை வேண்டவே வேண்டாம்.

வாக்கெடுப்பு. ஸ்மோகனின் பொது அடுக்கில் சந்தேகச் சோதனை நடக்கும்போது, ஏணி எனும் தரவரிசை ஆட்டங்களில் ஆடி ஒரு தகுதியை எட்டியவர்கள்தான் வாக்களிக்கலாம். ஒரு போக்கிமானைத் தடை செய்ய 60 விழுக்காடு வேண்டும். இந்த 60 என்ற எண்ணைக் கவனியுங்கள். நூறு பேரில் 55 பேர் விடுதலையை விரும்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 'தடை செய்யலாமா?' என்று கேட்டால் 45 பேர்தான் ஆம் என்பார்கள், போக்கிமானுக்கு விடுதலை. அதே நூறு பேரிடம் 'தடையை நீக்கலாமா?' என்று கேட்டு அதற்கும் 60 வேண்டும் என்றால் 55 போதாது, போக்கிமான் தடையிலேயே கிடக்கும். கருத்து மாறவில்லை, கேள்வியின் வாசகம் முடிவை மாற்றிவிட்டது. ஆகவே நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது என்பதை வாக்கெடுப்புக்கு முன்பே எழுதி ஒட்டிவிட வேண்டும். என் நிலைப்பாடு இது: புதிய தலைமுறை தொடங்கும்போது சந்தேகத்தின் பலன் கதாபாத்திரத்துக்கு; அதே தலைமுறைக்குள் எதுவும் மாறாமல் திரும்பக் கேட்டால் பொறுப்பு கேட்பவருக்கு. பழைய ஆட்டம் என்றால் 'நாங்கள் இப்போது நன்றாக ஆடக் கற்றுக்கொண்டோம்' என்பது மட்டும் போதாது, கற்றுக்கொண்டது என்ன என்று காட்ட வேண்டும்.

விதியை எழுதுவதிலும் ஓட்டை விழும். ஆட்டத்தின் நடுவே எடுக்கும் கூடுதல் பலமுள்ள மெகா வடிவம் மட்டும்தான் சிக்கல் என்றால் பெரும்பாலும் அதற்குரிய கல்லைத் தடை செய்தால் போதும். ரேக்வாசாவுக்குக் கல்லே தேவையில்லை. டிராகன் அசென்ட் என்ற தாக்குதலைக் கற்றிருந்தால் மெகாவாக மாறிவிடும், கூட்டுத்தொகை 780. ஊபர்ஸிலேயே அது தாங்கவில்லை. அங்கே விதியில் 'மெகாவாக மாறக்கூடாது' என்றே எழுத வேண்டிவந்தது. வடிவம், பொருள், எபிலிட்டி, தாக்குதல் என்ற நான்கில் எதை அனுமதிக்கிறோம் என்று பெயர் சொல்லி எழுதாவிட்டால், முதல் சுற்றிலேயே நடுவரிடம் தகராறு வரும்.

நிரந்தரமாக விடவும் தயக்கம், நிரந்தரமாக அடைக்கவும் மனமில்லை என்பவர்களுக்கு, அதிகாரபூர்வப் போட்டிகளான விஜிசி நல்ல வழி காட்டுகிறது. அங்கே மிக வலுவான புராணப் போக்கிமான்களுக்கு எண்ணிக்கையும் காலமும் வைத்திருக்கிறார்கள். 2016-ல் அணிக்கு இரண்டு. 2024-ன் ரெகுலேஷன் ஜி விதியில் ஒன்று. அடுத்து வந்த ரெகுலேஷன் எச் விதியில் ஒன்றுமே இல்லை. 2025-ன் ரெகுலேஷன் ஐ விதியில் திரும்ப இரண்டு. வருகிறபோதே போகும் நாளும் தெரிகிறது. அது இருவர் இருவராக மோதும் ஆட்டம், ஆறில் நான்கைத்தான் களமிறக்குவார்கள், ஆகவே அங்கே தாங்கக்கூடியது ஒற்றையர் ஆட்டத்திலும் தாங்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் முடியும் தேதி போட்டு விடுவது என்ற முறையை யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஆறு வாரத்துக்கு மட்டும் என்று விட்டால், திரும்பத் தடை செய்யத் தனி வாக்கெடுப்பு வேண்டாம். தொடர வேண்டும் என்பவர்கள்தான் காரணம் காட்ட வேண்டும்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பக்கத்தில் வெளியாகும் வாசகர் வாக்கெடுப்பில் 'நீக்கலாம்', 'கூடாது' என்ற இரண்டு கட்டங்கள் மட்டும் இருக்கின்றன. அதற்குப் பதிலாக ஒவ்வொரு கதாபாத்திரத்தின் பெயருக்கும் கீழே அதன் தடைக்கான காரணத்தை ஒரு வரியில் அச்சிடுங்கள். அதற்கும் கீழே, அந்தக் காரணம் இன்றும் நிற்கிறதா, நிற்கவில்லை என்றால் அதை மாற்றியது எது என்று எழுத வாசகருக்கு இரண்டு வரி இடம் விடுங்கள். முதல் பெயராக எதைப் போடுவது என்று யோசித்தால், கிடைக்கும் எபிலிட்டிகளில் ஒன்று மட்டும் சிக்கலாக இருக்கும் ஏதாவது ஒன்றைப் போடுங்கள். விவாதம் அங்கிருந்து தொடங்கினால் எண்களோடு பதில் எழுத நானும் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்